வேறு பிழைப்பு உள்ளவனுக்குத்தான் தபால் உத்தியோகமா?

சென்ற மாதச் சம்பள நாளன்று, கூட்டம் கலைந்து நாம் ஆபீஸ் கதவைச் சாத்தும் வேளையில், நமது தோட்டத்துப் பெரியவர் ஒருவர் வந்து நின்றார். எழுபது வயதைத் தாண்டியவர். நாற்பது ஆண்டுகளுக்கு மேல் பால்மரம் வெட்டி ஓய்ந்தவர். ஊழியர் சேமநிதியில் கிடைத்த பணத்தில் மீதியைத் தம் கடைசிக் காலத்துக்கென்று பத்திரமாக வைத்திருப்பவர். "கிராணி ஐயா, ஊரிலேயிருந்து சேதி வந்திருக்கு. கொஞ்சம் படிச்சு விளக்கிச் சொல்லுங்க" என்று கைப்பேசியை நீட்டினார்.

அவருடைய அண்ணன் கப்பலேறாமல் ஊரிலேயே தங்கிவிட்டவர். அந்த அண்ணனின் பேத்தி எழுதியிருந்தாள். கிளைத் தபால் நிலையத்துப் போஸ்ட்மாஸ்டராகத் தான் தேர்வு பெற்றிருப்பதாகவும், தன் வீட்டில் சர்க்கார் உத்தியோகம் என்று ஒன்று கிடைப்பது இதுவே முதல் தடவை என்றும் மகிழ்ச்சியோடு தெரிவித்திருந்தாள். அடுத்த வரியில்தான் விஷயம் இருந்தது. தபால் நிலையம் நடத்துவதற்கு ஊரின் நடுவில் ஓர் இடத்தை அவளே ஏற்பாடு செய்து தர வேண்டும். முப்பது நாள் கெடு. இருப்பதோ ஒற்றை அறை வீடு. "சின்னத் தாத்தா மனசு வைத்தால் முன்பக்கம் ஓர் அறை எடுத்துக் கட்டிவிடலாம்" என்று முடித்திருந்தாள்.

பெரியவர் சற்று நேரம் பேசாமல் இருந்தார். பிறகு கேட்டார்: "சர்க்கார் ஆபீஸுக்கு நாம ஏனுங்க கொட்டாய் போடணும்?"

தோழர்களே, இந்தியாவின் கிராமத் தபால் ஊழியர் நியமனம் பற்றி ஐம்பது ஆண்டுகளாக நடந்துவரும் வழக்குகளின் சாரத்தை அந்தப் பெரியவர் ஒரே கேள்வியில் கேட்டுவிட்டார். இதைக் குறித்து நாம் சில வார்த்தைகள் எழுத விரும்புகிறோம். நமக்கும் அந்தத் தபால்காரருக்கும் என்ன உறவு என்று சிலர் கேட்கலாம். நம் பாட்டனும் தகப்பனும் மலாயாவில் வெட்டிச் சேர்த்த வெள்ளியை மணியார்டராக அனுப்பிய காலத்தில், அதைக் கிழவியின் கையில் எண்ணிக் கொடுத்துக் கைநாட்டு வாங்கியவர் அந்தக் கிராமத்துத் தபால்காரர்தான். நம் கடுதாசியைப் படித்துக் காட்டி, பதிலையும் எழுதிக் கொடுத்தவர் அவரே. நாம் அவரைச் சர்க்கார் சேவகர் என்றே நினைத்திருந்தோம். சர்க்கார் அவரை அப்படி நினைக்கவில்லை.

வெள்ளைக்காரன் காலத்தில் ஏற்பட்ட ஏற்பாடு இது. சிறு கிராமத்தில் நாளொன்றுக்கு வந்துசேரும் கடிதங்களோ மிகச் சில. அதற்காக ஒரு முழுநேர ஊழியரை வைத்துச் சம்பளம் கொடுப்பது வீண் செலவு என்று கருதிய தபால் இலாகா, உள்ளூர்ப் பள்ளிக்கூட வாத்தியாரையோ கடைக்காரரையோ பிடித்து, ஓரிரண்டு மணி நேரம் இந்த வேலையையும் பார்த்துக்கொள்ளுங்கள் என்று ஒரு சிறு படியைக் கொடுத்தது. வாத்தியாருக்குத் தம் சம்பளம் இருந்தது, கடைக்காரருக்குத் தம் வியாபாரம் இருந்தது. இந்தக் காசு உப்புப் புளிக்கு. அந்த நாளைக்கு இது அநியாயம் என்று நாம் சொல்லமாட்டோம். அவர்களுக்கு வைத்த பெயரும் பொருத்தமாகவே இருந்தது: எக்ஸ்ட்ரா டிபார்ட்மெண்டல் ஏஜெண்டு. அதாவது, இலாகாவுக்குப் புறம்பான ஏஜெண்டு.

காலம் மாறியது. வாத்தியார்களும் கடைக்காரர்களும் விலகினார்கள். படித்துவிட்டு வேலையின்றி இருந்த பிள்ளைகள் அந்த இடத்துக்கு வந்தார்கள். அவர்களுக்கு இதுவே பிழைப்பு. இன்று இந்தியாவில் ஒரு லட்சத்து அறுபதாயிரத்துக்கு மேற்பட்ட தபால் நிலையங்கள் உள்ளன, பத்தில் ஒன்பது கிராமங்களில். அக்கிராமக் கிளை நிலையங்களை நடத்துகிறவர்கள் இந்தப் புறம்பான மனிதர்களே. இரண்டரை லட்சத்துக்கு மேற்பட்ட இவர்கள் சேமிப்புக் கணக்கு, ஆயுள் காப்புறுதி, 2018இல் தொடங்கிய தபால் பாங்கியின் பணப் பட்டுவாடா எல்லாவற்றையும் தலையில் சுமக்கிறார்கள். விதிப்படி ஐந்து மணி நேரத்துக்கு மேல் வேலை வாங்கக்கூடாது. ஐந்து மணியில் முடிகிற வேலையா இது என்பதை அவர்களைத்தான் கேட்க வேண்டும்.

ஆனால் அந்தப் பழைய நிபந்தனை மட்டும் மாறவில்லை. இந்த வேலைக்கு வருகிறவருக்கு வேறு போதிய ஜீவனோபாயம் இருக்க வேண்டும்! பெயரை மாற்றினார்கள். 2001ஆம் ஆண்டு விதிகளில் ஏஜெண்டு போய் 'கிராமின் டாக் சேவக்' வந்தார். 2011 விதிகளிலோ அப்பட்டமாகவே எழுதிவைத்தார்கள்: சேவகர் யூனியன் சர்க்காரின் சிவில் சர்வீஸுக்கு வெளியே இருப்பவர், சர்க்கார் ஊழியருக்குச் சமமாகத் தம்மைக் கருதி உரிமை கோரக்கூடாது, தமக்கும் குடும்பத்துக்கும் போதுமான வேறு வருமானம் உண்டென்று எழுதிக் கொடுக்க வேண்டும், போஸ்ட்மாஸ்டரானால் தபால் நிலையத்துக்கு இடமும் தர வேண்டும். வேலையில்லாதவனைப் பார்த்து, உனக்கு வேறு வேலை இருந்தால் இந்த வேலை தருகிறேன் என்றால் அவன் எங்கே போவான்?

இந்த ஒரு நிபந்தனைதான் எல்லா வியாஜ்ஜியத்துக்கும் வேர் என்பது நம் கருத்து. பார்ப்போம்.

முதலில் வேலையிலிருந்து நீக்கப்பட்டவர்கள்தான் கோர்ட்டுக்குப் போனார்கள். விசாரணை எதுவும் இல்லாமல் நாளை முதல் வராதே என்று சொல்லிவிட்டார்கள். கேட்டால், நீ ஊழியனே அல்ல, வெறும் ஏஜெண்டு, உனக்கு அரசியல் சட்டத்தின் 311ஆவது பிரிவுப் பாதுகாப்பு கிடையாது என்றது இலாகா. கேரளத்திலிருந்தும் மற்ற மாநிலங்களிலிருந்தும் போன வழக்குகளைச் சேர்த்து விசாரித்த சுப்ரீம் கோர்ட், 1977 ஏப்ரலில் ராஜம்மா வழக்கில் தீர்ப்புச் சொன்னது. இவர் வந்து போகிற தற்காலிகக் கூலி அல்ல. ஆள் மாறினாலும் நிலைத்திருக்கிற ஒரு பதவியை வகிப்பவர். அந்தப் பதவி சர்க்காரின் மேற்பார்வையில் இருப்பது. ஆகவே அது சிவில் பதவிதான். விசாரித்துக் காரணம் கேளாமல் நீக்கியது செல்லாது என்றது தீர்ப்பு. அத்தீர்ப்பிலேயே இது முறையான சிவில் சர்வீஸுக்கு வெளியே உள்ள பதவி என்றும் ஒரு சொல் இருந்தது. ஊழியர்கள் முதல் பாதியைப் பிடித்துக்கொண்டார்கள். இலாகா பின்பாதியைப் பிடித்துக்கொண்டது. அன்று தொடங்கிய இழுபறி இன்னும் ஓயவில்லை.

1985ஆம் ஆண்டுச் சட்டப்படி மத்திய நிர்வாக நியாயமன்றம் ஏற்பட்டதும், சிவில் பதவி என்று தீர்ப்பாகிவிட்டபடியால், கிராமத் தபால் ஊழியரும் அதன் படியேற முடிந்தது. நீக்கப்பட்டவர்கள் மட்டுமல்ல, வேலைக்கு எடுக்கப்படாதவர்களும் போனார்கள். அங்கேதான் இந்த நிபந்தனையின் முழு லட்சணமும் வெளிச்சத்துக்கு வந்தது.

ஒரே ஊருக்கு இரண்டு பேர் மனுப் போடுகிறார்கள். பத்தாம் வகுப்பில் ஒருவருக்கு மார்க் அதிகம், மற்றவருக்கு நிலம் அதிகம். யாரை எடுப்பது? ஜீவனோபாயம் உள்ளவர் என்று நிலக்காரரை எடுத்தால், மார்க் அதிகம் வாங்கியவர் நியாயமன்றம் போகிறார். மார்க் உள்ளவரை எடுத்தால், அவருக்குச் சொத்து ஏது என்று நிலக்காரர் போகிறார். சொத்து தன் பெயரில் இருக்க வேண்டுமா, தகப்பன் பெயரில் இருந்தால் போதுமா என்று அடுத்த கேள்வி. பெண்பிள்ளைகள் இதில்தான் அதிகம் அடிபட்டார்கள். நிலம் தகப்பன் பெயரில் இருக்கும், கல்யாணமானால் புருஷன் பெயரில் இருக்கும். அவள் பெயரில் என்ன இருக்கும்? மனுவுக்குக் கடைசித் தேதி நெருங்கும்போது தகப்பன் அவசரமாக ஒரு காணியைப் பெண் பெயருக்கு எழுதிவைப்பதும், தாசில்தாரிடம் வருமானச் சான்று வாங்குவதும், எதிராளி அந்தச் சான்று பொய் என்று பிராது கொடுப்பதும் வாடிக்கையாயிற்று. நியாயமன்றத்தின் பெஞ்சுகள் ஒரு தடவைக்கு மேல் சொல்லிவிட்டன: தகுதியுள்ளவர்களுக்குள் மார்க்கே தீர்மானிக்கட்டும், சொத்து உள்ளவன் மேல், இல்லாதவன் கீழ் என்று வைப்பது சமத்துவத்துக்கு ஒவ்வாது. நல்ல தீர்ப்புகள்தான். ஆயினும் அந்த உறுதிமொழிக் காகிதம் 2011 விதிகளில் மறுபடி வந்து உட்கார்ந்ததைத்தான் மேலே சொன்னோம்.

அடுத்த சண்டை, உள்ளூர்க்காரன் யார் என்பது. அந்த ஊரிலேயே குடியிருப்பவன்தான் மனுப் போடலாம் என்று அதிகாரிகள் பல இடங்களில் கேட்டார்கள். இந்திய அரசியல் சட்டத்தின் 16ஆவது பிரிவு, சர்க்கார் வேலையில் பிறப்பிடம், வசிப்பிடம் காரணமாக வேற்றுமை காட்டக்கூடாது என்கிறது. ராஜஸ்தானில் வாத்தியார் வேலைக்கு உள்மாவட்டத்தாருக்கும் கிராமத்தாருக்கும் உபரி மார்க் கொடுத்ததைச் சுப்ரீம் கோர்ட் 2002இல் செல்லாதென்று சொன்னதும் இந்த அடிப்படையில்தான். தபால் விஷயத்தில் வந்துசேர்ந்த முடிவு: எந்த ஊர்க்காரரும் மனுப் போடலாம், எடுக்கப்பட்ட பிறகு அந்த ஊரில் வந்து குடியிருக்க வேண்டும். இது நியாயமென்றே நமக்குப் படுகிறது. தபால்காரர் ஊரோடு இருக்க வேண்டும். எந்த வீட்டுக் கிழவிக்குக் கண் தெரியாது, எந்த வீட்டில் மகன் குடித்துவிட்டுப் பென்ஷனைப் பிடுங்குவான் என்பது அவருக்குத் தெரிய வேண்டும். ஆனால் அங்கேயே பிறந்திருக்க வேண்டும் என்பது வேறு. மூன்று தலைமுறை இந்த மண்ணில் உழைத்த பின்னும் நீ எந்த ஊர் என்று கேட்கப்படுகிற நாம், அந்த வாதத்துக்குத் தலையாட்டக் கூடாது.

வேலைவாய்ப்பு ஆபீஸ் அனுப்புகிற பெயர்களை மட்டும் பார்ப்பது என்ற வழக்கமும் இருந்தது. பெயர் பதிவது பட்டணத்தில், தபால் நிலையம் இருப்பது பட்டிக்காட்டில். ஆந்திராவின் எக்ஸைஸ் இலாகா வழக்கொன்றில் 1996இல் சுப்ரீம் கோர்ட், பத்திரிகையிலும் விளம்பரம் செய்து எல்லாரையும் கூப்பிடு என்று சொன்ன பிறகு அந்தக் கதவு கொஞ்சம் திறந்தது.

இப்போது எல்லாம் கம்ப்யூட்டர் வழி. பரீட்சை இல்லை, நேர்முகம் இல்லை. பத்தாம் வகுப்பு மார்க்கை வைத்து இயந்திரமே வரிசை போட்டுவிடுகிறது. சைக்கிள் ஓட்டத் தெரிய வேண்டும், அந்த மாநிலப் பாஷையைப் பத்தாம் வகுப்பு வரை படித்திருக்க வேண்டும், வயது பதினெட்டுக்கும் நாற்பதுக்கும் இடையில் இருக்க வேண்டும். மேலதிகாரியின் கையில் காசு வைத்தால் வேலை என்ற பழைய காலத்துக்கு இது எவ்வளவோ மேல் என்று முதலில் நாமும் நினைத்தோம். நேர்முகம் என்ற பெயரில் இன்ஸ்பெக்டர் தம் இஷ்டம்போல் ஆள் எடுத்த காலத்துக்குத் திரும்பிப் போக வேண்டும் என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

ஆனால் மார்க் ஒன்றே வாசல் என்றானதும், மார்க் ஷீட்டையே தயார் செய்கிறவன் கிளம்பிவிட்டான். ஒடிசாவில் போலிச் சான்றிதழ் கொடுத்து இந்த வேலைக்கு வந்தார்கள் என்று 2023இல் சி.பி.ஐ. வழக்குப் போட்டுப் பல இடங்களில் சோதனை நடத்தியது. ஒரு மாநிலத்துப் பரீட்சைக்கும் இன்னொரு மாநிலத்துப் பரீட்சைக்கும் உள்ள வித்தியாசத்தை இயந்திரம் அறியுமா? சில இடங்களில் மார்க் இல்லை, கிரேடு; அதை ஒன்பதரையால் பெருக்கி மார்க்காக்குகிறார்கள். தமிழ்நாட்டில் கொரோனா காரணமாக 2021இல் பத்தாம் வகுப்புப் பரீட்சையே நடக்கவில்லை. அந்த வருஷத்துப் பிள்ளைகளின் சான்றிதழில் தேர்ச்சி என்று மட்டும் உண்டு, மார்க் கிடையாது. மார்க்கை மட்டுமே பார்க்கிற தேர்வு, மார்க்கே இல்லாத பிள்ளையை எங்கே நிறுத்தும்? அந்தப் பிள்ளை செய்த பிழை என்ன?

பாஷை விஷயமும் இருக்கிறது. 2016 டிசம்பரில் தமிழ்நாட்டில் நடந்த போஸ்ட்மேன் பரீட்சையில் — இது முறையான இலாகா வேலை, சேவகர் வேலையல்ல — ஹரியானா முதலிய வட மாநிலங்களிலிருந்து வந்தவர்கள் தமிழ்ப் பகுதியில் தமிழ்ப் பிள்ளைகளையே மிஞ்சிய மார்க் வாங்கியிருந்தார்கள். பெருங்கூச்சல் எழுந்து அந்தப் பரீட்சை முடிவு ரத்தாயிற்று. 2019 ஜூலை 14இல் நடந்த இன்னொரு தபால் பரீட்சையில் தமிழே இல்லை, ஆங்கிலமும் இந்தியும்தான். ராஜ்ய சபையில் அமளி நடந்து, இரண்டே நாளில் மந்திரி ரவிசங்கர் பிரசாத் அதை ரத்து செய்வதாக அறிவித்தார். தமிழ் தெரியாத தபால்காரர் தமிழ்க் கிராமத்தில் என்ன செய்வார் என்று கேட்டவர்கள் கேட்டது முற்றிலும் சரி.

இருந்தாலும் ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். சிலருக்கு இது பிடிக்காமல் போகலாம். வடக்கிலிருந்து வந்த அந்தப் பையன் மீது காறி உமிழ்வதில் அர்த்தமில்லை. அவனும் நிலமற்ற ஒரு குடியானவனின் மகனாயிருப்பான். ஆயிரம் மைல் தாண்டிச் சொற்பச் சம்பள வேலைக்கு வருகிறவன் வீட்டில் என்ன வளம் இருக்கும்? நம் தோட்டத்து நிரைகளில் இன்று இந்தோனேசியரும் வங்காள தேசத்தவரும் பால் வெட்டுகிறார்கள். நம்மில் சிலர் அவர்களை ஏசுகிறோம். குறைந்த கூலிக்கு ஆள் தேடுகிறவனை ஏசுவதில்லை. பாஷை தெரியுமா என்று காகிதத்தைப் பார்த்துச் சொல்கிற முறைதான் குற்றவாளி. எதிரே உட்காரவைத்து, ஒரு கடிதத்தை வாசிக்கச் சொல்லி, ஒரு மணியார்டர் பாரத்தை நிரப்பச் சொன்னால் அரை மணியில் விளங்கிவிடும். சிறியதொரு எழுத்துப் பரீட்சை, அதில் பாதி உள்ளூர்ப் பாஷை, திருத்துவது வேறு வட்டத்து அதிகாரிகள் — இதற்கு என்ன பெரிய செலவு?

சரி, வாசலைத் தாண்டி உள்ளே வந்துவிட்டவர் கதை என்ன? சேவகராய்ப் பல வருஷம் உழைத்துப் பரீட்சை எழுதிப் போஸ்ட்மேன் ஆகிறவர்கள் உண்டு. அது பதவி உயர்வா, புது நியமனமா? 2016 ஆகஸ்டில் நஜிதாமோள் வழக்கில் சுப்ரீம் கோர்ட், அது நேரடி நியமனமே, உயர்வு அல்ல என்றது. சேவகர் இலாகாவின் ஏணியில் நிற்பவரே அல்லர், ஆகவே அவருக்கு ஏறுவதற்குப் படியும் இல்லை என்று பொருள். 2019 நவம்பரில் கண்டிபா பெஹரா வழக்கு. சேவகராய் நெடுங்காலம் இருந்து, பிறகு முறையான வேலைக்கு வந்து, பென்ஷனுக்கு வேண்டிய பத்து வருஷம் நிறையாமல் ஓய்வு பெற்றவர்கள், பழைய சேவையையும் சேர்த்துக் கணக்கிடுங்கள் என்றார்கள். நியாயமன்றங்கள் சேர்க்கச் சொல்லியிருந்தன. விதியில் இடமில்லை என்றது சுப்ரீம் கோர்ட். அவரவர் விஷயத்தில் விதியைத் தளர்த்துவது பற்றிச் சர்க்கார் வேண்டுமானால் யோசிக்கலாம் என்றது. நீதிபதிகளை நாம் குறை கூறவில்லை. அவர்கள் முன்னால் வைக்கப்பட்ட விதி அப்படி. விதியை எழுதியவர் யார் என்பதே கேள்வி.

ஆகக்கூடி, சேவகரை நீக்குவதற்கு மட்டும் அவர் சிவில் பதவிக்காரர். சம்பளம் கேட்டால் ஏஜெண்டு. உயர்வு கேட்டால் வெளியாள். பென்ஷன் கேட்டால் வேறு பிழைப்பு உள்ளவர்!

நமது வாசகர்களுக்கு இந்தப் பாட்டு புதிதல்ல. பொழுது விடியுமுன் பெரட்டு, மத்தியானத்தில் பால் நிறுத்தாகிவிடுகிறது, பிற்பகல் முழுவதும் சும்மாதானே இருக்கிறான், வீடு இனாம், கொல்லையில் கோழியும் கீரையும் உண்டு, இவனுக்கு எதற்கு முழுச் சம்பளம் என்று நம் பாட்டன்மாருக்குச் சொன்னார்கள். மழை பெய்தால் வெட்டு இல்லை, வெட்டு இல்லாவிட்டால் காசு இல்லை. மாதச் சம்பளம் வேண்டும் என்று கேட்டுக் கேட்டுத் தலைமுறைகள் கழிந்தன. இந்நாட்டில் குறைந்தபட்சச் சம்பளம் சட்டமாகி 2013இல் நடைமுறைக்கு வந்தபோது, தீபகற்பத்தில் 900 வெள்ளி. 2025இல் அது 1,700 வெள்ளியாயிற்று. மத்தியானத்தோடு வேலை முடிகிறவனும் முழு மனிதன், அவன் பிள்ளைகளுக்கும் முழு வயிறு உண்டு என்று ஒப்புக்கொள்ள எத்தனை காலம் பிடித்தது பாருங்கள். அங்கே கிராமத் தபால்காரருக்கு 2018 ஜூலை முதல் கொடுக்கப்பட்ட அடிப்படைப் படி, நாலு மணி வேலைக்குப் பத்தாயிரம் ரூபாய், போஸ்ட்மாஸ்டரானால் பன்னிரண்டாயிரம். ஐந்து மணி வேலைக்குப் பன்னிரண்டாயிரமும் பதினாலாயிரத்து ஐந்நூறும். பஞ்சப்படி தனி. இதையும் தானாகக் கொடுக்கவில்லை. கமலேஷ் சந்திரா கமிட்டி 2016இல் கொடுத்த அறிக்கை தூங்கிக்கொண்டிருந்தது. 2018 மே 22 தொடங்கி இரண்டு வாரத்துக்கு மேல் நாடெங்கும் கிராமத் தபால் ஊழியர்கள் வேலை நிறுத்தம் செய்தார்கள். ஜூன் 6ஆம் தேதி மந்திரி சபை ஒப்புதல் வந்தது. ஐம்பது வருஷ வழக்குகளில் நகராத சம்பளம் பதினாறு நாளில் நகர்ந்ததைச் சங்கத்துக்காரர்களாகிய நாம் கவனிக்காமல் இருக்கமுடியாது.

அதற்காகக் கோர்ட்டே வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. ராஜம்மா தீர்ப்பு இல்லாவிட்டால் இவர்களை இன்றும் காலையில் வைத்து மாலையில் கழித்துவிடுவார்கள். ஆனால் கோர்ட்டின் காலக் கணக்கு ஏழையின் காலக் கணக்கல்ல. உத்தரப் பிரதேசத்தின் கேரி மாவட்டத்தில் 1995இல் தபால் உதவியாளர் வேலைக்கு விளம்பரம் வந்தது. தேர்வு பெற்றுப் பயிற்சிக்கும் போய்வந்த ஒருவரை, நீ பன்னிரண்டாம் வகுப்பைத் தொழிற்பிரிவில் படித்தவன், ஆகவே தகுதியில்லை என்று கழித்துவிட்டார்கள். அவர் நியாயமன்றம் போனார், ஜெயித்தார். இலாகா மேலே போயிற்று. சுப்ரீம் கோர்ட் அவருக்கு வேலை கொடுக்கச் சொல்லித் தீர்ப்பளித்தது 2023 அக்டோபரில். இருபத்தெட்டு வருஷம்! வாலிபத்தில் மனுப் போட்டவர் தலை நரைத்து நியமன உத்தரவு வாங்குகிறார், கழிந்த வருஷங்களுக்குச் சம்பளமும் கிடையாது. ஜெயித்தவர் கதி இது.

நியாயமன்றத்தில் மனுக் கட்டணம் ஐம்பது ரூபாய்தான். வக்கீல் கட்டணம் வேறு கதை. 1997இல் சந்திரகுமார் வழக்குத் தீர்ப்புக்குப் பிறகு, நியாயமன்றத்துக்கு மேல் ஹைகோர்ட், அதற்கு மேல் சுப்ரீம் கோர்ட் என்று மூன்று படி. இலாகா சர்க்கார் பணத்தில் ஏறும். பத்தாயிரம் ரூபாய்க்காரர் எதை விற்று ஏறுவார்?

ஆகவே நாம் கேட்பது ஒன்றே ஒன்று. வேறு வருமானம் உண்டு என்று எழுதி வாங்குகிற அந்தக் காகிதத்தைக் கிழித்தெறியுங்கள். இடத்துக்கு நியாயமான வாடகை கொடுங்கள், அல்லது பஞ்சாயத்துக் கட்டடத்தில் ஓர் அறை வாங்கிக் கொடுங்கள். அந்தக் காகிதம் இருக்கும்வரை, உள்ளே வராத ஏழைக்கு அது பூட்டு, உள்ளே வந்த ஏழைக்கு அது வாய்ப்பூட்டு. சம்பளம் போதவில்லை என்று வாயைத் திறந்தால், வேறு பிழைப்பு உண்டென்று நீயே எழுதிக் கொடுத்திருக்கிறாயே என்று அதையே எடுத்துக் காட்டலாமல்லவா?

ஊரில் சொந்தபந்தம் உள்ள தோழர்கள், அந்தப் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயங்களைச் சொல்லிவையுங்கள். மனுவின் நகல், மார்க் சான்று, கையெழுத்துப் போட்டுக் கொடுத்த ஒவ்வொரு காகிதத்தின் நகல், எல்லாவற்றையும் வைத்துக்கொள்ளச் சொல்லுங்கள். வேலை வாங்கித் தருகிறேன் என்று வருகிற தரகனிடம் அவற்றின் அசலைக் கொடுக்க வேண்டாம். இலாகாவின் முடிவான உத்தரவு கைக்கு வந்த நாளிலிருந்து ஒரு வருஷத்துக்குள் நியாயமன்றம் போக வேண்டும். மேல்முறையீட்டுக்குப் பதிலே வராவிட்டால் ஆறு மாதம் பொறுத்து, அதிலிருந்து ஒரு வருஷம். மாமா பார்த்துக்கொள்வார், எம்.எல்.ஏ. பேசிவிடுவார் என்று அந்தக் கெடுவைத் தவறவிட்டால் நல்ல வழக்கும் வாசலிலேயே விழுந்துவிடும்.

நமது பெரியவரிடமும் இதையெல்லாம் நாம் முடிந்தவரை விளக்கினோம். பொறுமையாகக் கேட்டுக்கொண்டார். "அப்போ அந்தப் புள்ளைக்குப் பென்ஷன் உண்டுங்களா?" என்றார். சர்க்கார் ஊழியருக்குள்ள பென்ஷன் இல்லை, சிறு சேமிப்புத் திட்டம் ஒன்று உண்டு என்றோம். "எனக்குந்தான் இல்லை" என்று சொல்லி எழுந்தார். மறுநாள் பெரட்டுக்கு முன்பே வந்துவிட்டார். சேமநிதிப் பணத்தில் எவ்வளவு எடுத்தார் என்பதை நாம் இங்கே எழுதப்போவதில்லை. அறைக்குச் சுவரும் கூரையும் அதில் ஆகிவிடும், மின்சார இணைப்புக்குப் போதுமா என்பதுதான் அவருக்குக் கவலை. கூடவே இரண்டு வரி எழுதச் சொன்னார். வேலையில் சேர்ந்த அன்றைக்கே அங்குள்ள தபால்காரர் சங்கத்தில் பெயரைக் கொடுத்துவிடு, சந்தா பாக்கி வைக்காதே என்று அவர் சொல்லச் சொல்ல நாம் தட்டி அனுப்பினோம்.